சூடேறாத வண்டி

இல்லீங்க பாய், சூடாவுதுன்னு சொல்லல. சூடாவலன்னுதான் சொல்றேன். நீங்க சரியாத்தான் கேட்டீங்க. சிரிச்சிக்கோங்க, பரவாயில்ல. திண்டிவனத்துல நாலு ஷெட்டுலயும் இப்படித்தான் சிரிச்சாங்க. ஊரு ஒலகத்துல எல்லாரும் எஞ்சின் கொதிக்குது, தண்ணி கக்குதுன்னு அழுதுக்கினு வருவாங்க, நீ ஒருத்திதாம்மா சில்லுன்னு இருக்குதுன்னு வந்து நிக்கற, அப்படின்னான் ஒருத்தன். இன்னொருத்தன் கம்பளி போத்தி வுடச் சொன்னான்.

இந்த டயரு மேல உக்காந்துக்கறேன். கறை படிஞ்சா படியட்டும், பழைய பொடவதான்.

பேரா? தையல்நாயகி. ஓ, வண்டி ஓனரு பேரா. அது எங்க வீட்டுக்காரரு. அவரு பேர நான் எப்படிங்க சொல்றது. திருப்பதி மலை மேல இருக்கறவரு பேரு. பெருமாள் இல்லீங்க. சீனுவாசனும் இல்ல, அது அவங்க அண்ணன். ஆங், இப்ப சொன்னீங்களே, அதேதான். எழுதிக்கோங்க. திண்டிவனம் டாக்ஸி ஸ்டாண்டு, கறுப்பு பிளசர் காருன்னா யாரும் சொல்லுவாங்க.

அவரு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருக்காரு. அண்ணன் தம்பிக்குள்ள பாகப் பத்திரம் எழுதறாங்க. பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவாரு. அதுக்குள்ள நீங்க பாத்து சொல்லிடணும். அவருகிட்ட காலையில ஸ்டார்ட்டிங் டிரபுளுன்னு சொல்லித்தான் வண்டிய இங்க விழுப்புரத்துக்கு இட்டாரச் சொன்னேன். சூடு காட்டுற முள்ளு ஏறல, அதக் காட்டலாம்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டாரு. அவருக்கு அதுல பெருமைங்க. ஸ்டாண்டுல மத்த வண்டிக்காரங்க ரேடியேட்டர்ல சாக்க நனைச்சுப் போட்டுக்கினு நிப்பாங்க, இவரு போய், மெட்ராஸ் போயிட்டு வந்தாலும் நம்ம வண்டி முள்ளு எழுந்திருக்காதுடாம்பாரு.

எத்தினி நாளாவா? பத்து மாசமா. சித்திரையிலேர்ந்து வெச்சுக்கோங்க, இப்ப தை. காலையில எடுத்தாருன்னா சோக்க இழுத்துப் புடிச்சாதான் எஞ்சின் அணையாம நிக்கும். இன்னிக்கு ஏழு மணிக்குக் கெளம்பினோம். கூட்டேரிப்பட்டு வரைக்கும் சோக்கு வெளியதான் இருந்துது. உள்ள தள்ளினா வண்டி தும்முது. விக்கிரவாண்டி தாண்டித்தான் உள்ள தள்ளினாரு. முள்ளு மட்டும் அந்த சி எழுத்துக்கிட்டயே படுத்துக்கினு வந்துது. அவரு ரோட்டப் பாத்து ஓட்டுவாரு, நான் முள்ளப் பாத்துக்கினு வருவேன். நாலாவதோட நின்னவதான் நான், ஆனா அது தெரியும். சின்னா கூலு, எச்சுன்னா ஹாட்டு. என் தம்பி சொல்லிக் குடுத்தான்.

முருகையன்னு பேரு. அவன்தான் இத ஓட்டிக்கினு இருந்தான். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, மேல்மலையனூருக்கு, யார் கூப்ட்டாலும் முருகையன் வருவானான்னுதான் கேப்பாங்க. மூணு மாசத்துக்கு முன்ன இவரு நிறுத்திட்டாரு. பெட்ரோல் திருடறான்னு.

அதாங்க நான் கேக்க வந்தது. வேற ஒண்ணும் இல்ல. டேங்க் ஒழுகல, யாரும் டியூப் போட்டு இழுக்கல. அப்படி இருந்தும் ஒரு வண்டி தானா இவ்ளோ பெட்ரோலு குடிக்குமா? குடிக்கும்னா குடிக்கும்னு ஒரு மெக்கானிக்கு வாயால சொல்லணும். குடிக்காதுன்னா அதையும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

சரி, பாத்துட்டே சொல்லுங்க. நான் பேசிக்கினு இருந்தா உங்களுக்குத் தொல்லையா இருக்குதா? எனக்குப் பேசாம உக்காரத் தெரியாது.

வென்னீரா? டீக்கடையில கேட்டா குடுப்பாங்க, எதுக்கு, வயிறு சரியில்லையா? ஓ, முள்ளுக்கா. முள்ளே பொய் சொல்லுதான்னு பாக்கறீங்களா. திண்டிவனத்துல ஒருத்தனுக்கும் இது தோணலயே. இருங்க, நான் போய் வாங்கியாறேன்.

இந்தாங்க, கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குடுத்தான். அந்தக் குமிழ் மாதிரி இருக்கறத கழட்டிட்டீங்களா. சொம்புல வுடப் போறீங்க. நான் உள்ள உக்காந்து முள்ளப் பாக்கவா? வுடுங்க. ஏறுது பாய். ஏறுது. பாதிக்கு வந்துடுச்சு. எச்சு பக்கத்துல போயிடுச்சு. பத்து மாசத்துல இந்த முள்ளு இந்தப் பக்கம் வந்து நான் பாத்ததே இல்ல. அப்ப முள்ளு மேல தப்பில்ல. வண்டிதான் நெசமாவே சில்லுன்னு ஓடுது.

நான் சொன்னா யாரு கேக்கறாங்க.

ரேடியேட்டரு புதுசுதாங்க. வைகாசியில மாத்துனாரு. பங்குனியில ஒருக்கா கொதிச்சுது, அதுக்காக மாத்துனது. பழைய ரேடியேட்டரு உள்ள பூரா அடைச்சுக் கெடந்துதுன்னு தம்பிதான் கண்டுபுடிச்சான். நல்லாத்தான் கண்டுபுடிச்சான். அவன் கண்டுபுடிச்சதுக்கு இவரு மெச்சிக்கினாரு. அப்ப மெச்சிக்கினாரு.

அப்பால ஆவணி மாசத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு மூங்கில் குச்சி இருக்குதுங்க. கத்தியால கோடு கோடா வெட்டியிருப்பாரு. காலையில டேங்குல வுட்டுப் பாப்பாரு, சாயங்காலம் வண்டி வந்ததும் வுட்டுப் பாப்பாரு. பாத்துட்டு ஒண்ணும் பேச மாட்டாரு. சோத்துல கைய வெச்சதும் பேசுவாரு. உன் தம்பி இன்னிக்கு எந்த ஊரு வழியா திருவண்ணாமலை போனான், காசி வழியாவா? அப்படிம்பாரு. கொழம்பு ஊத்தினா, எனக்கு எதுக்கு, உன் தம்பிக்கு ஊத்து, அவன்தான் நெறைய ஊத்தி ஊத்திப் பழகினவன்னு சொல்லுவாரு. டெய்லி. ரெண்டு மாசம். அவன டிரைவரா வெச்சுக்கோங்கன்னு சொன்னவ நான் இல்லையா, அதனால என்னத்தான் சொல்லுவாரு.

தம்பி எதுத்துப் பேச மாட்டான். மாமா, நான் எடுக்கலன்னு ஒரே வார்த்த. அதயே எத்தினி தபா சொல்லுவான்.

இப்ப ஒரு விஷயம் கேளுங்க. அவன நிறுத்திட்டு மூணு மாசமா இவருதானே ஓட்டறாரு. குச்சியில கோடு ஏறுச்சா? ஏறல. அதே கதைதான். இவரு ஓட்டும்போது கொறைஞ்சா அது திருட்டு இல்ல, பெட்ரோல் பங்குக்காரன் அளவுல கைய வெக்கறானாம். இதுவரைக்கும் மூணு பங்கு மாத்திட்டாரு. நேத்து மூணாவது பங்குலயும் சண்ட. வண்டி குடிக்குதுன்னு ஒரு நாளும் வாயில வராது. பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருக்கேன் வண்டிய, அது எதுக்குக் குடிக்குதும்பாரு.

இன்னா மோந்து பாக்கறீங்க, எஞ்சின் ஆயிலா? குடுங்க, நானும் பாக்கறேன். ஆமா, பெட்ரோல் நாத்தம். ஆயில்ல எப்படிங்க பெட்ரோலு வந்துது? எரியாம வழிஞ்சு கீழ எறங்குதா. அந்த மூடிக்கு உள்பக்கம் வெள்ளையா, மோரு காஞ்ச மாதிரி. அது தண்ணியா. சூடு பத்தாம உள்ள வேர்க்குதா. பிளக்கக் காட்டுங்க. அடேயப்பா, வெறவு அடுப்புல வெச்ச சட்டி மாதிரி இருக்குது.

இப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்களா? எனக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியும். சாவியத் திருப்பினா போதும் இல்ல. ஓடுது. மேல இருக்கற அந்த ரப்பர் ஓஸ் மேல கை வெக்கணுமா? எப்படி இருக்குதா? சில்லுன்னு இருக்குது. இப்ப லேசா... வெதுவெதுன்னு ஆவுது. ஆமா, மொதல்லேர்ந்தே தண்ணி ஓடுற மாதிரி இருக்குது கைக்கு. ஓடக் கூடாதா? எஞ்சின் நல்லா சூடேறுற வரைக்கும் இது பச்சத் தண்ணி மாதிரி சில்லுன்னே இருந்து, அப்பால திடீர்னு சுடணுமா. நடுவுல ஒரு வால்வு கதவு மாதிரி சாத்தி வெச்சிருக்கும்னு சொல்றீங்க. இதுல கதவு தொறந்தே கெடக்குதுன்னு நெனைக்கறீங்க. சரி, நிறுத்தறேன். கழட்டிப் பாருங்க.

நீங்க கழட்டற வரைக்கும் நான் சொல்லிடறேன். ஜல்தியா சொல்லிடறேன்.

பெட்ரோலு பேச்சு முத்திப்போயி, ஒரு நாள் இவரு என் தம்பி கன்னத்துல கை வெச்சுட்டாரு, ஸ்டாண்டுல எல்லார் மின்னாடியும். எனக்குத் தாங்கல. அன்னிக்கு நான்தான் சொன்னேன், இப்படி தெனம் தெனம் பேஜாரு வேணாம், அமாவாசைக்கு மேல்மலையனூருக்குப் போவோம், அங்காளம்மா மின்னாடி சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும், அதோட முடிஞ்சுதுன்னு. உங்கள்ல இது கெடையாது இல்ல. சூடத்தக் கொளுத்தி வெப்பாங்க, நான் செய்யலன்னு சொல்லி உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். பொய்ச் சத்தியம் பண்ணா ஒரு மண்டலத்துக்குள்ள, நாப்பத்தெட்டு நாளைக்குள்ள அம்மா காட்டிக் குடுத்துடுவா. நாப்பத்தெட்டு தாண்டிட்டா அவன் மேல பழி இல்ல. அப்பால யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கட்டுப்பாடு அது. இவரும் சரின்னுட்டாரு.

ஐப்பசி அமாவாசை, தீபாவளி. எல்லாரும் எண்ண தேச்சுக்கினு இருக்கறாங்க, நாங்க இதே வண்டியில மலையனூருக்குப் போறோம். ஓட்டினது தம்பிதான். திருட்டுச் சத்தியம் பண்ணப் போறவனயே ஓட்டச் சொல்லி இட்டுக்கினு போனாரு பாருங்க. கோயில்ல ஒரே கூட்டம். சூடம் கொளுத்துனதும் அவன் என்னப் பாத்து, அக்கா, நீயாவது நம்பறியான்னு கேட்டான். சாமிகிட்ட சொல்லுடா, போதும்னேன். அடிச்சான் பாருங்க கையால. தள்ளி நின்ன எனக்கே தோலு கருகுன வாசன வந்துது.

அப்பால அவனுக்கு இங்க ஓட்டப் புடிக்கல, இவருக்கும் வெச்சுக்கப் புடிக்கல. மண்டலம் முடிஞ்சதும் பாப்போம்னு நிறுத்திட்டாரு. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏத்துற டிராக்டர்ல போய் சேந்தான். பத்தொம்பதாவது நாளு. டிரெய்லர மாட்டிக்கினு இருக்கும்போது அது உருண்டு எடது கால் மேல ஏறிடுச்சு. நாலு வெரலு போச்சு. கட்டைவெரலு மட்டும் நிக்குது.

நாப்பத்தெட்டாவது நாளு வந்திருந்தா கூட ஒரு பேச்சு. பத்தொம்பதே நாளு. ஊரு இன்னா சொல்லும்? சொல்லிட்டாங்க. அம்மா காலப் புடுங்கிட்டான்னுட்டாங்க. கிளச்சு மிதிக்கற காலு, பெட்ரோலு திருடுனவன் இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னு பாத்து எடுத்தா பாருன்னு பூசாரி பொண்டாட்டி எங்கிட்டயே சொல்றா. கட்டைவெரல வெச்சு அவன் நல்லா மிதிப்பாங்க. காத்தாலயும் சாயங்காலமும் செங்கல்ல மிதிச்சுப் பழகிக்கினு இருக்கான். ஆனா ஒருத்தன் ஸ்டீரிங்கத் தொட வுடல. சாமி குத்தம் புடிச்சவன் ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்.

வண்டி வேலகூடப் போனாப் போவுது. செஞ்சி பக்கத்துல செண்பகம்னு ஒரு பொண்ணு பேசி வெச்சிருந்தோம். அதுக்கு இவனப் புடிச்சிருந்துது, இவனுக்கும்தான். பொண்ணோட அப்பன் இப்ப வேற எடம் பாத்துட்டாரு. தை போறதுக்குள்ள, வர்ற வெள்ளிக்கிழமை பூ வெக்கறாங்க. இன்னிக்குத் திங்கள். அவரு நல்ல மனுஷன்தான். கால் போனத நான் பாக்கலம்மா, அம்மா கைய வெச்ச வீட்டுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது, நீயே சொல்லுன்னாரு. மோரு குடிச்சுட்டு வந்துட்டேன்.

கழட்டிட்டீங்களா?

ஒண்ணுமே இல்லியா. உள்ள வெறும் ஓட்டதான் இருக்குதா. வால்வு ஒடைஞ்சு மாட்டிக்கல, சுத்தமா கழட்டி எடுத்துட்டு மூடியிருக்காங்கன்னு சொல்றீங்க. இந்தப் பக்கம் எல்லா ஷெட்டுலயும் கழட்டறதுதானே பாய். வெயிலு ஊருக்கு இது எதுக்கு, இருந்தா கொதிக்கும், கழட்டிக் கடாசுன்னுதானே சொல்றாங்க. நீங்களும் கழட்டியிருக்கீங்களா? பாருங்க. எத்தினி வண்டிக்கு? அத்தினிக்கா.

அப்ப இந்த வண்டி இவ்ளோ குடிச்சதுக்கு இதுதான் காரணம். அடைப்பு இல்லாத புது ரேடியேட்டரு, கதவே இல்லாத எஞ்சினு. சூடேறவே வுடாம, பெட்ரோல கூட ஊத்தற சோக்குலயே ஓட்டி, பாதி எரியாம கீழ எறங்கிடுச்சு. யாரும் எடுக்கல. சொல்லிட்டீங்க இல்ல. இன்னொரு தபா சொல்லுங்க பாய். ஆங். போதும்.

அவருகிட்டயும் நீங்களே சொல்றேங்கறீங்க. சொல்லுங்க, உங்க வார்த்தய நம்புவாரு. ஆனா அவரு மொதல்ல கேக்கறது, யாரு கழட்டுனதுன்னுதான் இருக்கும். நான் சொல்லாம என் வண்டியில எவன் கைய வெச்சான்னு கேப்பாரு. நீங்க இன்னா சொல்லுவீங்க? தெரியாதுன்னா, தெரியாதா, அப்ப அந்த முருகையந்தான் கழட்டியிருப்பான், அதையும் வித்துத் தின்னுட்டான்னு ஆரம்பிப்பாரு. அவரு மனசு அப்படித்தான் போவும். எங்க போனாலும் அங்கதான் வந்து நிக்கும்.

தம்பி கழட்டலீங்க. அவனுக்கு இது தெரியவே தெரியாது.

யாருன்னு கேக்கறீங்களா. நான்தான் கழட்டச் சொன்னேன்.

பங்குனி பௌர்ணமிக்குத் திருவக்கரை போனோம், நானும் தம்பியும். இவரு கண்ணு ஆபரேஷனுக்கு மெட்ராஸ்ல தங்கியிருந்தாரு. மயிலம் தாண்டி எஞ்சின் கொதிச்சு, மூடியத் தொறந்தா ஆள் ஒசரத்துக்குத் தண்ணி எழும்புது. நான் ரோட்டுல எறங்கி ஓடியே போயிட்டேன். எனக்கு எதுன்னாலும் பயங்க. பஸ்சு வேகமாப் போனாலே சீட்டப் புடிச்சுக்கினு சாமி கும்புடுவேன். ரெண்டு நாள் கழிச்சு கிளச்சு பிளேட்டு மாத்த ஷெட்டுல வண்டிய வுட்டுட்டு, தம்பி சாமான் வாங்க இங்க விழுப்புரத்துக்குத்தான் வந்திருந்தான். நான் சோறு எடுத்துக்கினு போயி காத்துக்கினு இருந்தேன். அங்க ஒல்லியா ஒரு மெக்கானிக்கு, இப்ப சவுதிக்குப் போயிட்டான். அம்மா, இனிமே கொதிக்காம இருக்க ஒரு வழி இருக்குது, வால்வக் கழட்டிடறேன், ஆனா பெட்ரோலு கொஞ்சம் கூடக் குடிக்கும்னான். குடிச்சா குடிக்கட்டும், கழட்டு, யாருகிட்டயும் சொல்லாதன்னேன். இவரு ஒரு ஸ்குரூவக்கூடத் தொட வுட மாட்டாரு, அதுக்காக.

ஆமாங்க. கூடக் குடிக்கும்னு சொல்லித்தான் கழட்டினான். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

ஆவணியில இவரு குச்சிய வுட்டுப் பாத்தாரே, அன்னிக்கே தெரியும். சோத்துல கை வெச்சுக்கினு பேசினப்பல்லாம் தெரியும். நாளைக்கு சொல்லலாம், இவரு கொஞ்சம் சிரிச்ச மொகமா இருக்கும்போது சொல்லலாம்னு இருந்தேன். அப்பால கன்னத்துல அடிச்சுட்டாரு. அதுக்கப்புறம் சொன்னா, இத்தினி நாளு வாய மூடிக்கினு எதுக்கு இருந்தேன்னு கேப்பாங்க இல்ல, ரெண்டு பேருமே.

அதனாலதான் சத்தியம் பண்ணட்டும்னு சொன்னேன். அவன் எடுக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும் இல்லீங்களா. உண்மைச் சத்தியத்துக்கு ஒண்ணும் ஆவாது. அணைச்சான், வந்தான், நாப்பத்தெட்டு நாளு போயிட்டா அவன் பேரும் சுத்தம், நானும் வாயத் தொறக்க வேணாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். பத்தொம்பதாவது நாளு வந்து சொல்றாங்க, காலு போச்சுன்னு.

அம்மா தப்பு பண்ண மாட்டா பாய். அவன் சொன்னது உண்மை. அப்ப யாருக்கு வெச்சது அவன் கால்ல போய் வுழுந்துது? நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன், சூடத்துக்கு நேரா, வாய மூடிக்கினு.

மணி இன்னா? பன்னெண்டு அடிக்கப் போவுதா. அதோ அந்தப் பக்கம் பஸ்சுக்குப் பின்னால வர்றாரு பாருங்க, மஞ்சப் பையோட, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு. அவருதான்.

வால்வு வாங்கிப் போட்டு வெச்சுடுங்க. அவருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்றேன். யாருகிட்டயாவது ஒருக்கா சொல்லிப் பாக்கணும்னு இருந்தேன், வாயில வருதா வரலியான்னு. வருது. நீங்க கொஞ்சம் அந்தக் கொழாய் பக்கம் போய்க் கை கழுவிக்கினு இருங்க, பாய்.